மின்சார வாகனமும் கூரைச் சோலாரும்: எந்தக் கட்டணத் திட்டத்தில் கையெழுத்திடுவது?

"சோலார் போட்டால் பிறகு கரண்ட் பில்லே வராதுதானே தம்பி?" அண்மைக் காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் நான் போகுமிடமெல்லாம் கேட்கும் கேள்வி இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, இதனுடன் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "மின்சாரக் கார் ஒன்று எடுத்தால் லாபமா?" கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளை காசு அனுப்பத் தயாராக இருக்கிறார். விற்பனை முகவர் வீட்டு முற்றத்துக்கே வந்து கணக்குப் போட்டுக் காட்டுகிறார். லீசிங் கம்பனி பின்னால் நிற்கிறது. கையெழுத்திட வேண்டிய அம்மாவுக்கோ அக்காவுக்கோ மின்சாரப் பட்டியலில் உள்ள எண்கள் எதைச் சொல்கின்றன என்று யாரும் விளக்கவில்லை.

சோலார் தகட்டின் தரம், காரின் பிராண்ட் ஆகியவற்றை விட, எந்தக் கட்டணத் திட்டத்தில் சேர்கிறீர்கள் என்பதுதான் மாதக் கடைசியில் கையில் நிற்கும் காசைத் தீர்மானிக்கிறது. ஒரே வீடு, ஒரே கார், ஒரே கூரை. திட்டம் மட்டும் மாறினால் மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரலாம். அது எப்படி என்று எண்களோடு பார்ப்போம்.

முதலில் உங்கள் பட்டியல்

இலங்கையில் வீட்டு மின்சாரம் படிக்கட்டு முறையில் விலையிடப்படுகிறது. 2025 ஜூன் 12 இல் நடைமுறைக்கு வந்த விலையை எடுத்துக்கொள்கிறேன். மாதம் 60 அலகுக்குள் நின்றால் முதல் 30 அலகுக்கு 4.50 ரூபாய், அடுத்த 30 க்கு 8 ரூபாய். 60 ஐத் தாண்டினால் இந்தச் சலுகை விலை இரண்டும் இல்லாமல் போகும். முதலாவது அலகிலிருந்தே 12.75 ஆகிவிடும். 61 முதல் 90 வரை 18.50, 91 முதல் 120 வரை 24, 121 முதல் 180 வரை 41, 180 க்கு மேல் ஒவ்வொரு அலகும் 61 ரூபாய். நிலையான கட்டணமும் இதே போல ஏறுகிறது: 80, 210, 400, 1,000, 1,500, 2,100. விலைகள் ஆணைக்குழுவின் மீளாய்வுகளில் மாறலாம். ஆகவே கீழே உள்ள கணக்குகளைச் செய்யும்போது உங்கள் கடைசிப் பட்டியலில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். வரியை நான் சேர்க்கவில்லை.

மீள்குடியேற்றக் கிராமங்களில் உள்ள ஏராளமான வீடுகள் 60 க்குக் கீழேதான் நிற்கின்றன. நாலைந்து மின்குமிழ், ஒரு விசிறி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி சார்ஜர், சிலவேளை சிறிய குளிர்சாதனப் பெட்டி. அப்படி 55 அலகு பாவிக்கும் ஒரு வீட்டின் பட்டியல் 545 ரூபாய். அந்த வீட்டில் ஒரு மின்சார ஸ்கூட்டரை எடுத்து மாதம் 25 அலகு சார்ஜ் செய்கிறார்கள் என்று வைப்போம். 80 அலகுக்கான பட்டியல் 1,535. கூடிய 25 அலகுக்கு 990 ரூபாய், அதாவது அலகுக்குக் கிட்டத்தட்ட 40. "கரண்டில ஓடினா செலவே இல்லை" என்று கேட்டு வாங்கியவர் இதைப் பார்த்துத் திடுக்கிடுவது நியாயம்தான். ஆனாலும் அந்த 25 அலகில் ஸ்கூட்டர் 750 கிலோமீற்றர் அளவில் ஓடும். பெற்றோல் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு 18, 19 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபாய் என்று பார்த்தால் 5,500 க்கு மேல். ஸ்கூட்டர் இன்னமும் வெல்கிறது. விற்றவர் சொன்ன அளவுக்கு அல்ல, அவ்வளவுதான்.

கார் என்று வந்தால் கணக்கு பெரிதாகிறது. 100 அலகு பாவிக்கும் வீட்டுக்கு அந்த விலையில் பட்டியல் 2,560. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் சிறிய மின்சாரக் காருக்கு ஏறத்தாழ 150 அலகு போகும். மொத்தம் 250 அலகு, பட்டியல் 10,870. காரின் அலகு ஒன்று 55 ரூபாய்க்கு மேல் விழுகிறது, ஏனென்றால் அது எப்போதும் மேல் படிகளிலேயே ஏறி உட்காருகிறது. பெற்றோல் காருக்கு அதே தூரத்துக்கு லீற்றருக்கு 15 கிலோமீற்றர் என்று எடுத்தால் 20,000 ரூபாய் வரும். இங்கேயும் மின்சாரம் மலிவு. ஆனால் அந்த 8,300 ரூபாயைக் குறைக்க வழி இருக்கிறது, கூட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

நேரத்துக்கு நேரம் விலை

வீட்டுப் பாவனையாளருக்கு நேரவாரிக் கட்டணம் என்று ஒரு விருப்பத் தெரிவு 2015 முதல் இருக்கிறது. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல் விலை, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச விலை, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு விலை. அப்போது இலங்கைக்குள் வந்துகொண்டிருந்த நிசான் லீஃப் போன்ற கார்களை வைத்திருந்தவர்களிடம் இது பேசப்பட்டது. நமது பக்கத்தில் அதிகம் பேர் கேள்விப்படவில்லை. அதற்கு ஒரு காரணம், இது மூன்று பேஸ், 30 அம்பியர் அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்பு உள்ளவர்களுக்கான திட்டம். நமது வீடுகளில் பெரும்பாலானவை ஒற்றைப் பேஸ்.

இந்தத் திட்டத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள, அது அறிமுகமான காலத்து விலையிலேயே இரண்டையும் ஒப்பிடுகிறேன். அன்று பகல் அலகு 25 ரூபாய், உச்ச நேரம் 54, நள்ளிரவு நேரம் 13, நிலையான கட்டணம் 540. அதே காலத்துப் படிக்கட்டு விலையில் மேலே சொன்ன 250 அலகு வீட்டுக்கு 7,213 ரூபாய் வந்திருக்கும். நேரவாரித் திட்டத்தில், காரை இரவு 10.30 க்குப் பிறகு மட்டும் சார்ஜ் செய்து, வீட்டின் 100 அலகில் 40 மாலை உச்ச நேரத்திலும் 45 பகலிலும் 15 இரவிலும் போயிருந்தால் 5,970. மாதம் 1,200 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் வேலை முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வந்ததும் காரைச் செருகினால்? நாளுக்கு 5 அலகு என்பது சாதாரணச் செருகியில் இரண்டு மணித்தியாலத்தில் ஏறிவிடும். முழுவதும் உச்ச நேரத்துக்குள். அப்போது பட்டியல் 12,120. அதே கார், அதே அலகு, செருகிய மணி மட்டும் வேறு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தத் திட்டத்தில் சேர்ந்தால் கார் மட்டும் சேராது, முழு வீடும் சேரும். மாலையில் சமையல், பிள்ளைகளின் படிப்பு, விசிறி, தொலைக்காட்சி எல்லாமே உச்ச விலையில் போகும். மின்சார அடுப்பில் இரவுச் சாப்பாடு சமைக்கிற வீட்டுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். காரிலோ சார்ஜரிலோ நேரம் குறித்து வைக்கும் வசதி இருந்து, வீட்டில் ஒருவராவது அதைக் கவனிப்பவராக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். கார் வாங்கும் எண்ணத்தில் மூன்று பேஸுக்கு மாறுவதற்கு விண்ணப்பிப்பதானால் அந்தச் செலவையும் கணக்கில் போடுங்கள்.

இணைப்பின் அளவு வேறொரு வகையிலும் முக்கியம். 15 அம்பியர் இணைப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோவாட்தான் தாங்கும். தண்ணீர் மோட்டரும் காரும் ஒன்றாக ஓடினால் பிறேக்கர் விழும். கார்க் கடைக்காரர் காட்டும் 7 கிலோவாட் சார்ஜர் அந்த வீட்டுக்கு உதவாது. மெதுவாக ஏற்றும் சிறிய சார்ஜரே போதும், இரவு நீளமானது. பழைய வயரிங்கில் நீட்டிப்பு வயர் போட்டு ஏற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். தனி வயர், நல்ல நிலத்தொடுப்பு, ட்ரிப் சுவிட்ச் மூன்றும் வேண்டும்.

கூரையில் சோலார் என்றால்

இங்கேதான் குழப்பம் அதிகம். மூன்று திட்டங்களைப் பார்ப்போம். பெயர்கள் ஆங்கிலம் போல ஒலித்தாலும் விஷயம் எளிது.

நெட் மீட்டரிங்கில் காசு கைமாறாது. பகலில் நீங்கள் கம்பிக்கு அனுப்பிய அலகு, இரவில் எடுத்த அலகோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கழியும். மீதி அடுத்த மாதத்துக்குப் போகும். நெட் அக்கவுண்டிங்கிலும் அந்த மாதத்துக்குள் ஒன்றுக்கு ஒன்றாகக் கழிபடும். மீதிக்குக் காசு தருவார்கள். நெட் பிளஸில் கழிப்பதே இல்லை. கூரை உற்பத்தி முழுவதையும் விற்கிறீர்கள், வீட்டுப் பாவனை முழுவதையும் மற்றவர்கள் போலவே படிக்கட்டு விலையில் வாங்குகிறீர்கள்.

எந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்பதுதான் அடிக்கடி மாறியிருக்கிறது. 2016 இல் சூரியபல சங்கிராமய திட்டத்தோடு வந்தபோது முதல் ஏழு வருடத்துக்கு 22 ரூபாய், பிறகு 15.50. 2022 நெருக்கடிக்குப் பிறகு 37 வரை ஏறியது. 2024 இல் 27 க்கு இறங்கியது. 2025 இல் புதிதாகச் சேர்வோருக்கு 5 கிலோவாட் வரை 20.90, அதற்கு மேல் 20 கிலோவாட் வரை 19.61 என்று மேலும் குறைந்தது. உடன்படிக்கை 20 வருடத்துக்குரியது. பக்கத்து வீட்டு அண்ணைக்கு 37 ரூபாய் கிடைக்கிறது என்றால் அவர் சேர்ந்த காலத்து விலை அது. உங்களுக்கு நீங்கள் கையெழுத்திடும் நாளின் விலை. முகவரின் தாளில் 27 என்றோ 37 என்றோ இருந்தால் அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுங்கள்.

இப்போது அந்த 250 அலகு வீட்டுக்கு வருவோம். 5 கிலோவாட் சோலார் மாதம் 580 அலகு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நெட் பிளஸில் 580 ஐயும் 20.90 க்கு விற்றால் 12,122 ரூபாய். வீட்டுப் பட்டியல் 10,870. கையில் நிற்பது 1,252. நெட் அக்கவுண்டிங்கில் 250 கழிந்து, மீதி 330 அலகுக்கு 6,897 ரூபாய் வருகிறது. நிலையான கட்டணத்தைக் கழித்தாலும் வித்தியாசம் ஆயிரக் கணக்கில். காரணம் வெளிப்படையானது: நெட் பிளஸில் காருக்கான அலகை 61 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, அதே அலகை 20.90 க்கு விற்கிறீர்கள். மின்சாரக் கார் உள்ள வீடு நெட் பிளஸில் சேர்வதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

ஆனால் 55 அலகு பாவிக்கும் வீட்டுக்குக் கணக்கு தலைகீழ். அவர்கள் 4.50 க்கும் 8 க்கும் வாங்குகிறார்கள், 20.90 க்கு விற்கலாம். நெட் பிளஸில் 12,122 இலிருந்து 545 போக 11,577. நெட் அக்கவுண்டிங்கில் 525 அலகுக்கு 10,972. வாகனம் வாங்கும் எண்ணம் இல்லாத, கூரையை வருமானத்துக்காக மட்டும் பாவிக்கும் சிறிய வீட்டுக்கு நெட் பிளஸ் பொருந்தும். அப்படிப்பட்ட வீடு கடன் எடுத்து 5 கிலோவாட் போட வேண்டுமா என்பது வேறு கேள்வி. மாதத் தவணை மேலே உள்ள தொகையை விடக் கூடுதலாக இருந்தால் சோலார் உங்களுக்கு உழைக்கவில்லை, கம்பனிக்கு உழைக்கிறது. நுண்கடனில் சிக்கிய பெண்களின் கதைகளை எழுதிய நமக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

நெட் மீட்டரிங் பழைய திட்டம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஒரு வகை வீட்டுக்கு அது இன்னமும் நல்லது. வருடம் முழுவதும் வயதான தாயும் தகப்பனும் மட்டும் இருந்து, ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகள் குடும்பமாக வந்து இரண்டு ஏசியும் வாடகைக் காரும் ஓடும் வீடுகள் நமக்குப் பழக்கமானவை. அந்த வீட்டுக்குப் பத்து மாதம் சேர்த்த அலகு, அந்த இரண்டு மாதத்தில் 61 ரூபாய்ப் படியில் கழிபடும். நெட் அக்கவுண்டிங்கில் அதே அலகுகள் மாதாமாதம் 20.90 ஆகக் கரைந்திருக்கும். அடுத்த வருடம் மின்சாரக் கார் வாங்குவது உறுதி என்றவர்களும் இதை யோசிக்கலாம்.

சோலாரும் நேரவாரிக் கட்டணமும் ஒன்றாகச் சேரும்போது, பகலில் அனுப்பிய அலகை எந்த நேரத்து அலகோடு கழிப்பார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன் பிரதேச மின்சார அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவரின் வாய்மொழி போதாது.

கரண்ட் நின்றால் சோலாரும் நிற்கும்

என் வயதுக்காரர் தொண்ணூறுகளில் ஜாம் போத்தலில் திரி போட்டு, சொட்டு மண்ணெண்ணெயில் படித்தவர்கள். 1990 இல் தேசிய மின்கம்பியிலிருந்து துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணம், பின்னர் பல வருடங்கள் டீசல் பிறப்பாக்கிகளில் ஓடியது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் கிடந்தது. ஆகவே "சோலார் இருந்தால் இனி யாரிடமும் கையேந்தத் தேவையில்லை" என்ற சொல் நம் ஆட்களின் மனதில் வேறு விதமாக விழுகிறது. விற்பவர்களுக்கு அது தெரியும்.

சாதாரணக் கூரைச் சோலார், கம்பியில் மின்சாரம் இல்லாதபோது தானாக நின்றுவிடும். உச்சி வெயிலிலும் ஒரு குமிழ் எரியாது. கம்பி திருத்தும் ஊழியருக்கு உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக இன்வேர்ட்டர் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. மின்தடையிலும் வெளிச்சம் வேண்டுமானால் பற்றரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வேர்ட்டரும் வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

பற்றரிக்கு இப்போது வேறொரு காரணமும் வந்திருக்கிறது. நாட்டில் பகல் நேரத்தில் சோலார் மின்சாரம் மிஞ்சுகிறது, மாலையில் போதவில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது இதனால்தான். அந்த நாட்களில் விற்பனையும் இல்லை. மறுபுறம், பற்றரியில் சேமித்து மாலை 6.30 முதல் 10.30 வரை அனுப்பினால் அலகுக்கு 45.80 தருவதாக அறிவித்தார்கள். பகல் விலையின் இரு மடங்குக்கு மேல். பற்றரியின் விலை, அதன் ஆயுள், உத்தரவாதம் ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக் கணக்குப் பார்த்த பிறகே இதற்குள் இறங்க வேண்டும். கடனில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கணக்கு யார் பெயரில்?

சோலார் உடன்படிக்கையில் மின்சாரக் கணக்கின் உரிமையாளர்தான் கையெழுத்திட வேண்டும். நமது ஊர்களில் பல வீடுகளின் கணக்கு இறந்த தகப்பனின் பெயரில், வெளிநாடு போன மாமாவின் பெயரில், காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் பெயரில் இருக்கிறது. மாதப் பட்டியல் கட்டும் வரை யாரும் கேட்க மாட்டார்கள். விற்ற மின்சாரத்துக்கான காசு வங்கிக்கு வர வேண்டும் என்றதும் பெயர் பிரச்சினையாகிறது. பெயர் மாற்றப் போனால் காணி ஆவணம் கேட்பார்கள். அது இடம்பெயர்வில் தொலைந்திருக்கும், அல்லது காணி இன்னும் அனுமதிப்பத்திரத்திலேயே இருக்கும். கணவர் காணாமல் போனவர் என்றால் மரணச் சான்றிதழ் எடுக்கப் பல பெண்கள் மறுக்கிறார்கள். மறுப்பது அவர்களின் உரிமை. 2016 இன் சட்டத் திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமல் போயிருக்கிறார் என்பதை மட்டும் பதிவு செய்யும் சான்றிதழுக்கு வழி செய்திருக்கிறது. அதை ஏற்பார்களா என்று முற்பணம் கட்டுவதற்கு முன்பே பிரதேச அலுவலகத்தில் கேளுங்கள். தகட்டைக் கூரையில் ஏற்றிவிட்டுப் பெயருக்காக மாதக்கணக்கில் அலைந்தாலும் தவணைக்காரர் காத்திருக்க மாட்டார்.

அதே அலுவலகத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: உங்கள் வீதியின் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா? ஏற்கனவே பல வீடுகள் சோலார் போட்டிருந்தால் அனுமதி கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் உச்சி வேளையில் கம்பியின் வோல்ட் ஏறி இன்வேர்ட்டர் அடிக்கடி நின்றுவிடும். அப்போது முகவர் சொன்ன 580 அலகு வராது. கம்பியின் கடைசி முனையில் இருக்கும் கிராமங்களில் இது கூடுதலாக நடக்கும்.

போகும்போது கடந்த பன்னிரண்டு மாதப் பட்டியல்களையும் கையில் கொண்டு போங்கள். அவை உங்கள் சராசரி அலகைக் காட்டும், எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைக் காட்டும், கணக்கு யார் பெயரில் என்பதையும் காட்டும். முகவர் முற்றத்துக்கு வரும்போதும் அவற்றை மேசையில் வைத்து, அவர் தன் கணக்கை அந்த எண்களில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள்.